சம்சாரியின் மோட்டார்

கோயமுத்தூர் அவிநாசி சாலையில், உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையில் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கட்டப்பெற்ற மேம்பாலம் 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. ஆனால், காலை ஒன்பது மணிக்கு அப்பாலத்தின்மீது நெருங்கிச் செல்லும் சிறிய கார்களைக் காணும்போது, நம் மனத்தில் வேறொரு சம்பவம் எழாமற் போவதில்லை. 1952-ல் அதே நாயுடு, இரண்டு பேர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து முடித்தார். அதன் விலை ரூ. 2,000 தான். அதைப் பெருவாரியாகச் செய்வதற்கு வேண்டிய லைசென்ஸைக் கொடுக்க சர்க்கார் மறுத்துவிட்டது. அத்துடன் அந்தக் காரின் சரித்திரம் முடிந்தது. இன்று பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அதன்மேல் ஓடும் வண்டி ஒன்றிலேனும் அவர் பெயர் இல்லை.

பழங்கதையைச் சொல்லிப் புலம்புவது நம் நோக்கமன்று. சிறிய கார் என்னும் இந்தச் சாதனம் கொங்கு நாட்டுக் குடும்பத்தில் எந்த ஸ்தானத்தை அடைந்திருக்கிறது, அதை ஓட்டுவதும் வைத்துக் காப்பாற்றுவதும் எத்தகைய அநுபவம், அதை நம் ஜனங்களுக்குக் கிடைக்கச் செய்வதில் ஆள்வோர் எவ்வளவு காலம் அலட்சியமாயிருந்தனர் என்பவற்றை நேயர்கள் சற்று ஆலோசிக்க வேண்டுமென்பதே நம் விருப்பம்.

மோட்டார் வண்டி சுகஜீவிகளின் ஆடம்பரம் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அப்போது அது உண்மையுங்கூட. மில் முதலாளியும் ஜமீன்தாரும் பெரிய டாக்டரும் காரில் போனார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள், அல்லது மாட்டு வண்டி பூட்டினார்கள். அந்த பஸ்ஸுங்கூட நம் பக்கத்தில் எளிதில் வந்துவிடவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவரும் மேற்சொன்ன நாயுடுவே. பல வருஷங்களுக்குப் பிறகு டி.வி.எஸ். 50 வந்து, கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு முதல் யந்திர வாகனமாயிற்று. புல்லுக்கட்டு, பால் கேன், மனைவி, மக்கள் அனைத்தையும் அது சுமந்து சென்றதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அதற்கு அடுத்த படிதான் சிறிய கார்.

இன்று சிறிய கார் யாரிடம் இருக்கிறது? கணபதியில் இரண்டு லேத்துகளை வைத்துக் கூலிக்குக் கடைசல் வேலை செய்பவரிடம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் துணி தைத்துக் கொடுக்கும் சிறு தொழிலாளி முதலாளியிடம் இருக்கிறது. பொள்ளாச்சியில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உடையவரிடமும், ஈரோட்டு மஞ்சள் தரகரிடமும், கோபிசெட்டிபாளையத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயரிடமும் இருக்கிறது. இவர்களில் ஒருவரையேனும் சுகஜீவி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. இவர்களுக்குக் கார் என்பது கலப்பையையும் தராசையும் போன்ற ஒரு தொழிற்கருவி. ஞாயிற்றுக்கிழமையன்று மருதமலைக்குப் போவதும் பழனிக்குப் போவதும் அதன் உபரி வேலை.

இங்கிலீஷில் ஹாட்ச்பேக் என்று வழங்கும் இவ்வகை வண்டிக்குத் தமிழில் தனிப்பெயர் ஏற்படவில்லை. 'சின்ன வண்டி' என்று சொல்லி ஜனங்கள் முடித்துவிடுகிறார்கள். பின்புறம் பெட்டி நீண்டிராமல், கூரையிலிருந்தே சரிந்து முடியும் உடல். பின்கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் முழுக்கதவு. மடக்கிப் போடத்தக்க பின் ஆசனம். இவையே இதன் லக்ஷணம். இந்தக் கதவின் அருமையைப் படித்து அறிவதைவிட நம் ஊர்த் தெருவில் நின்று பார்த்து அறிவது நலம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கிப் பம்பு ஓர் ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். அது பழுதானால், பின் ஆசனத்தை மடக்கி, பம்பின் தலையை முன் ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவே நீட்டி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம். டிக்கி தனியாக நீண்ட பெரிய காரில் இது நடவாது. நூல் கோன் பெட்டிகள், வார்ப்படத் துண்டுகள், பருத்திக்கொட்டை மூட்டை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் எல்லாம் இப்படித்தான் பிரயாணம் செய்கின்றன. மறுநாள் காலையில் அதே வண்டியைக் கழுவித் துடைத்துக் கல்யாணத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். மூலையில் சிறிது கிரீஸ் வாசனை அடித்தால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

வெளியே சிறியதாயும் உள்ளே விசாலமாயும் இருக்கும் இந்த அமைப்பு ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தது. 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறினால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எண்ணெயில் நான்கு பேரைச் சுமக்கும் வண்டி வேண்டுமென்று முயன்றதன் பயனாக, அலெக் இஸிகோனிஸ் என்பவர் அமைத்த 'மினி' 1959-ல் வெளிவந்தது. அவர் யந்திரத்தை நீளவாக்கில் வையாமல் குறுக்குவாக்கில் வைத்தார். முன்சக்கரங்களையே அது சுழற்றும்படி செய்தார். அதனால் பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட தண்டு அவசியமற்றுப் போய், சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள வண்டியில் பெரும்பகுதி மனிதருக்கே மிஞ்சிற்று. 1961-ல் பிரான்ஸ் தேசத்து ரெனோ 4 பின்புற முழுக்கதவைக் கொண்டுவந்தது. இன்று கோயமுத்தூர்த் தெருக்களில் ஓடும் சின்ன வண்டிகள் பெரும்பாலும் இவ்விரண்டின் வமிசமேயாகும்.

இனி, ஓட்டும் அநுபவத்தைப் பற்றிச் சொல்லுவோம். மூன்று சிலிண்டர்களும் 1,000 சி.சி. அளவும் உள்ள யந்திரம். எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோவுக்குள் அடங்கும் எடை. இவற்றைக் கொண்டு டவுனுக்குள் ஓட்டுவது மிகவும் லகுவாயிருக்கிறது. ராஜ வீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் பெரிய வண்டிக்காரர் திருப்ப வழியின்றித் திணறுமிடத்தில், சின்ன வண்டி ஒரே வளைவில் திரும்பிவிடும். டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு, அரை மீட்டர் நீளம் குறைவதன் மகிமை தெரியும். மழைக்காலத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். லங்கா கார்னர் ரயில் பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கினால், தாழ்ந்த மூக்குள்ள சிறிய கார் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் அழுத்த இடமின்றி, அதன் தண்டு வளைந்துபோகும். பிறகு வண்டியின் விலையில் பெரும் பங்கு ஒர்க்ஷாப்புக்குப் போய்விடும். முன்னே பஸ் போய்விட்டது என்பதற்காகப் பின்னே நுழைவது அவிவேகம்.

டவுனை விட்டு வெளியேறினால் வேறு சங்கதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அதே காற்று உயரமும் லேசும் ஆன சின்ன வண்டியைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்கிறது. லாரி ஒன்றின் மறைவில் சென்று, அதை முந்தி வெளிவரும் கணத்தில் காற்று அறைந்தால், புதிதாக ஓட்டுகிறவர் கை தடுமாறும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றி, வேகத்தைக் குறைத்து முந்துவதே முறை. தென்னைநார் ஏற்றி, இருபுறமும் பிதுங்கிச் செல்லும் பொள்ளாச்சி லாரிகளும், பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும், திருச்செங்கோட்டு ஆழ்குழாய் ரிக் வண்டிகளும் இரவில் எதிர்ப்படும். இவற்றிடையே சிறிய காரில் போகிறவர் தம் வண்டி சிறியது என்பதை ஒரு நிமிஷமும் மறக்கலாகாது.

மலைப்பாதையில்தான் இவ்வண்டியின் குணமும் குறையும் ஒருங்கே வெளிப்படும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. குறுகிய வளைவில் சிறிய வண்டி தாராளமாகத் திரும்புகிறது. எதிரே பஸ் வந்தால் ஓரம் ஒதுங்க இடமும் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரும் சாமான்களும் ஏறியிருந்தால், யந்திரத்தின் பலவீனம் மூன்றாம் வளைவிலேயே தெரிந்துபோகும். ஏறும்போது பாரம் பின்னே சரிந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. இதை அறியாமல் மூன்றாம் கியரிலேயே நெருக்குகிறவர்கள் யந்திரத்தை இருமச் செய்கிறார்கள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, வளைவின் வாயில் முதல் கியருக்கும் இறங்கத் தயங்காமல், குளிர்சாதனத்தைச் சற்று நிறுத்தி வைத்தால் வண்டி சுகமாக ஏறும். ஒன்பதாம் வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்க்கலாம். சில வேளை வரையாடுகளும் காட்சி தரும்.

ஏறுவதைவிட இறங்குவது அபாயம். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து இறங்குகிறவர் சிலர் உண்டு. அவர்களைப்போல் தம் குடும்பத்துக்குச் சத்துரு வேறில்லை. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாசனை வரும். பிறகு மிதித்தாலும் நில்லாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குதல் வேண்டும். இக்காலத்து யந்திரங்களில், கியர் பூட்டியிருக்கும்போது காலை எடுத்துவிட்டால் எண்ணெயே செலவாவதில்லை என்பதையும் அந்த மிச்சக்காரர்கள் அறிவார்களாக. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நீலகிரிக்குப் போகிறவர்கள் 2024 மே மாதத்தில் ஹைகோர்ட்டு உத்தரவின்படி வந்த இ-பாஸ் ஏற்பாட்டையும், பண்ணாரிக்கு மேல் திம்பம் மலையேறுகிறவர்கள் இரவுப் போக்குவரத்துக்கு 2022-ல் ஏற்பட்ட தடையையும் முன்கூட்டியே விசாரித்துப் புறப்படுவது நல்லது.

நிற்க. சிறிய காரினால் நேர்ந்த ஒரு பெரிய நன்மையை ஆண்களாகிய நாம் எளிதில் கவனிப்பதில்லை. இன்று நம் ஊர்களில் பெண்கள் தாமே காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போய்வருகிறார்கள். இரவில் குழந்தைக்குச் சுரம் வந்தால் அண்டை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் சிறிய வண்டிகளும் வந்தபிறகு, ஐம்பது வயதில் ஓட்டக் கற்ற ஸ்திரீகளையும் காண்கிறோம். இந்நன்மைக்கு நேர் எதிராக ஒரு கேடும் வளர்ந்திருக்கிறது. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் சீர்வரிசையோடு காரையும் நிறுத்தி வைக்கும் வழக்கத்தைச் சொல்லுகிறோம். பெண்ணுக்கு அன்போடு கொடுத்த பரிசென்று அதற்குப் பெயர். வண்டிப் பத்திரம் மாப்பிள்ளையின் பெயரில் இருக்கிறது. மேடையில் வரதட்சிணையைக் கண்டிக்கும் தேசத்தொண்டர் சிலரின் வீட்டு வாசலிலும் இப்படி வந்த வண்டி நிற்கிறது. அதிகம் சொல்ல விரும்பவில்லை.

வண்டி வாங்குவோர் செலவுக் கணக்கையும் நேராகப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் வீதம் 50 லிட்டர் பெட்ரோல் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் ரூ. 5,000 போயிற்று. விளம்பரத்தில் காணும் 24, 25 கிலோமீட்டர் என்பது பரிசோதனைச் சாலையில் கிடைத்த எண். கணியூர்ச் சுங்கச் சாவடியும் காந்திபுரத்து நெரிசலும் அந்தச் சாலையில் கிடையா. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருவதால் ஓட்டமும் சற்றுக் குறையும். கரும்பும் சோளமும் விளைவிப்பவருக்கு அதனால் ஆதாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களைப் பரிசோதித்துக்கொள்வது உடையவர் பொறுப்பு.

வரி விஷயத்துக்கு வருவோம். ஆலையில் 4 லட்சம் ரூபாய் அடக்கமாகும் ஒரு சிறிய காரை உதாரணமாகக் கொள்வோம். 2017 முதல் அதன்மேல் ஜி.எஸ்.டி. 28-ம், தனித் தீர்வை 1-ம் ஆக நூற்றுக்கு 29 வீதம் ரூ. 1,16,000 வரி விழுந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டதால் ரூ. 72,000 ஆயிற்று. சம்சாரிக்கு ரூ. 44,000 மிச்சம். இதை நாம் மனமார வரவேற்கிறோம். எட்டு வருஷ காலம் வசூலித்த பின்னரே சிறிய கார் ஆடம்பரமல்ல என்ற ஞானம் உதயமாயிற்றே என்பதுதான் நமக்கு ஆச்சரியம். இதற்குமேல் தமிழ்நாட்டு சர்க்காரின் ஆயுள் வரி வேறு இருக்கிறது. பம்பு செட்டைச் சுமக்கும் வண்டிக்கும், பல லட்சம் பெறும் பெரிய வண்டிக்கும் சதவீதத்தில் வித்தியாசம் வைத்திருப்பது நியாயமே. அந்த வித்தியாசம் இன்னும் அகலமாயிருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

சர்க்காரின் வரி வண்டியின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2006-ம் வருஷ பட்ஜெட்டில், அப்போது நிதி மந்திரியாயிருந்த ப. சிதம்பரம், சிறிய கார்களின் எக்ஸைஸ் தீர்வையை 24-லிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்கு மேற்படலாகாது, பெட்ரோல் யந்திரம் 1,200 சி.சி.க்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. அதனால் சிறிய கார்கள் பெருகின. அத்துடன், டிக்கி உள்ள பெரிய கார்களும் வாலை வெட்டிக்கொண்டு 4 மீட்டருக்குள் அடங்கப் பார்த்தன. எக்ஸைஸ் இலாகாவின் அளவுகோலுக்கு அஞ்சி உடலைக் குறுக்கிய அந்த வண்டிகளின் பின்புறத்தைப் பார்த்து நகைக்காதவர் யார்?

1952-க்குத் திரும்புவோம். நாயுடுவுக்கு மறுத்த லைசென்ஸ் ஒருவருக்கும் கொடுக்கப்படாமல் இருந்துவிடவில்லை. நாட்டில் இரண்டு மூன்று ஸ்தாபனங்களே கார் செய்ய அநுமதி பெற்றிருந்தன. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருப்பது ஜனங்களின் விதியாயிற்று. மலிவான சிறிய கார் வேண்டுமென்று கமிட்டிகள் கூடிப் பேசின, அறிக்கைகள் அச்சாயின. 1970-ல் பிரதம மந்திரியின் குமாரர் சஞ்சய் காந்திக்குச் சிறிய கார் செய்ய அநுமதி கிடைத்தது. அவர் காலத்தில் விற்பனைக்கு ஒரு கார்கூட வரவில்லை. பின்னர் சர்க்கார் அந்த ஸ்தாபனத்தை மேற்கொண்டு, ஜப்பான் தேசத்து சுஸுகியின் துணையோடு 796 சி.சி. மாருதி 800-ஐ 1983 டிசம்பரில் வெளியிட்டது. நாயுடுவின் காருக்கும் இதற்கும் இடையே 31 வருஷங்கள். ஒரு தலைமுறை சம்சாரிகள் சைக்கிளிலும் பஸ் படியிலும் கழித்த காலம் அது. நாயுடுவின் கார் மாருதியைப்போல் சிறந்ததாயிருந்திருக்கும் என்று நாம் வாதிக்கவில்லை. 1952-ன் வண்டி 1960-ல் திருந்தியிருக்கும்; 1970-ல் இன்னும் திருந்தியிருக்கும். திருந்துவதற்கு வேண்டிய சந்தர்ப்பமே கொடுக்கப்படவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

அதன்பின் விஷயங்கள் விரைந்தன. 1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தளை நீங்கிற்று. 1998-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், கொரியா தேசத்து ஹூண்டாய் ஸ்தாபனம் சான்ட்ரோவைச் செய்யத் தொடங்கியது. அவ்வருஷமே டாட்டாவின் இண்டிகாவும் வெளிப்பட்டது. லட்ச ரூபாய்க் கார் என்று பெயரெடுத்த நானோ 2009 மார்ச் 23-ல் வந்து, 2018-ல் நின்றுபோயிற்று. மார்ச் 23 ஜி. டி. நாயுடுவின் பிறந்த தினம். இதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள்.

இனி நாம் சொல்லப்போவது, தேசாபிமானம் உள்ள ஒவ்வொருவரையும் உறுத்த வேண்டிய விஷயம். 2014 ஜனவரியில், கிளோபல் என்காப் என்னும் சர்வதேச ஸ்தாபனம் இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களைச் சுவரில் மோதிப் பரிசோதித்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். ஐந்தும், பெரியவரைக் காப்பதில், ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றில் ஹூண்டாய் ஐ10 இருங்காட்டுக்கோட்டையிலும், ஃபோர்டு ஃபிகோ மறைமலை நகரிலும் தமிழ்த் தொழிலாளிகளின் கைகளால் செய்யப்பட்டவை. அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஐ10 வண்டிகளில் காற்றுப் பைகள் இருந்தன. நம்மவர்க்கு விற்ற மலிவான வகையில் இல்லை. ஒரே கூரை, ஒரே தொழிலாளி. வெள்ளைக்காரனுடைய தலைக்கு ஒரு விலை, நம் சம்சாரியின் தலைக்கு வேறொரு விலை. அந்நிய ஆட்சியில் ரயில் வண்டியின் வகுப்புகளில் கண்ட பேதத்தை, சுதந்திரம் வந்து அறுபத்தாறு வருஷங்களுக்குப் பிறகு நம் சொந்த ஆலையில் கண்டோம். வாங்குவோர் மலிவையே கேட்கிறார்கள், நாங்கள் என் செய்வோம் என்று உற்பத்தியாளர் பதில் சொன்னார்கள். பையில்லாத வண்டியையே காட்டி விற்றால், பையுள்ளதைக் கேட்பவன் எப்படித் தோன்றுவான்?

பிறகு சட்டம் கண் விழித்தது. 2019-ல் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஓட்டுபவருக்குக் காற்றுப் பையும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. பக்கத்தில் அமர்பவருக்கும் பை வேண்டுமென்ற விதி 2021-ல் புதிய மாடல்களுக்கும், அடுத்து மற்றவற்றுக்கும் வந்தது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்காப் என்ற நம் சொந்தப் பரிசோதனையும் நடைபெறுகிறது. ஆனால் அது உற்பத்தியாளர் விரும்பினால் மட்டும் செய்துகொள்ளும் பரிசோதனை. பரீட்சைக்குப் போவதும் போகாததும் மாணவன் இஷ்டம் என்று வைத்தால், தேறுகிறவன் மட்டுமே பரீட்சைக்கு வருவான். இதைக் கட்டாயமாக்கும்படி சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகள் கேட்பார்களா? இதற்கிடையே, பின் ஆசனத்தில் பெல்ட்டு அணியாமலும், குழந்தையை முன்புறம் மடியில் வைத்துக்கொண்டும் போகும் பழக்கத்துக்கு எந்த சர்க்காரையும் குறைகூற முடியாது. விரியும் பை பெரியவரைக் காக்கும். மடியிலிருக்கும் குழந்தையைக் கொன்றுவிடும்.

இப்போது வர்த்தகத்தின் காற்று வேறு திசையில் வீசுகிறது. எஸ்.யு.வி. என்னும் உயர்ந்த பெரிய வண்டிகள் இந்தியாவில் விற்கும் கார்களில் பாதிக்கு மேலாகிவிட்டன. உயரத்தில் உட்கார்ந்தால் பத்திரம் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு ஒருவேளை அப்படியிருக்கலாம். எதிரே வரும் டி.வி.எஸ். 50-க்கும் நடந்து போகும் கிழவிக்கும் அப்படியில்லை. வளையாமல் நெளியாமல் போகும் தெருவே இல்லாத நம் ஊர்களில், ஒருவர் தனியாக ஆபீஸ் போக ஒன்றரை டன் இரும்பை இழுத்துச் செல்வதை நாகரிகம் என்று நாம் கருதவில்லை.

கோயமுத்தூருக்கு இதில் எத்தனை பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். பெரியநாயக்கன்பாளையத்துப் பிரிக்கால் செய்யும் வேகமானிகளும், ரூட்ஸ் செய்யும் ஹாரன்களும் நாடெங்கும் வண்டிகளில் இருக்கின்றன. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் முட்டு போன்ற கனமான வார்ப்படங்களைச் சக்தி ஆட்டோ செய்கிறது. எஸ். கரிவர்தன் 1980-களின் இறுதியில் அதே மாருதி 800 யந்திரத்தைக் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களையே கோயமுத்தூரில் அமைத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் அகால மரணமடைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரில் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இவ்வூராரே. ஹாரன், வேகமானி, வார்ப்படம், பந்தயக் கார், பந்தயக்காரர் எல்லாம் இருந்தும் சம்சாரி ஓட்டும் கார் மட்டும் இங்கே பிறக்கவில்லை.

மின்சாரக் கார் வந்திருக்கும் இந்நாளில் இக்கேள்வி புதிதாக எழுகிறது. அதில் பிஸ்டன் இல்லை, கிளட்சு இல்லை. இருப்பது பேட்டரியும் மோட்டாரும். 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்சார மோட்டார் என்று சொல்லப்படுகிறது. அன்றுமுதல் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வித்தை பீளமேட்டிலும் கணபதியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. காந்தம் இல்லாமலே சுழலும் இண்டக்‌ஷன் மோட்டாரை நம் பம்புக்காரர்கள் தூக்கத்திலும் பிரித்துப் பூட்டுவார்கள். அரிய காந்த உலோகங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்து, கார் உற்பத்தியாளர்கள் கலங்கியபோது, அந்தப் பழைய மோட்டாரின் பெயரும் மீண்டும் பேச்சில் அடிபட்டது. பம்பு மோட்டாருக்கும் கார் மோட்டாருக்கும் உள்ள தூரம் அதிகந்தான். வேகத்தை அளந்து கொடுக்கும் மின்னணுக் கருவியும், பேட்டரியும், மோதல் பரிசோதனைக்கு வேண்டிய பெரும் மூலதனமும் நடுவே நிற்கின்றன. அந்த மூலதனத்தைப் பத்து மில் குடும்பங்கள் சேர்ந்தால் திரட்ட முடியாதா என்று இம்முறை நாம் டெல்லியைக் கேட்கவில்லை. அவிநாசி சாலையின் இருமருங்கிலும் உள்ளவர்களைக் கேட்கிறோம். லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் 1993-லேயே ஒழிந்துவிட்டது.